கடலுக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. முதல் முறை முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது முறை, "உங்க சாதனையைப் பத்தி நாலு பக்கம் மேடம்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலுக்கடியில் நிலநடுக்கப் பிளவு ஒன்றைக் கண்டுபிடித்து, ஆறு மாதம் பிள்ளை மாதிரி வளர்த்து, பிறகு ஊர் பார்க்க என் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தவள் நான். சாதனை என்றால் அதுதான். அதையே எழுதுகிறேன், படித்துவிட்டு நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் வெளியே போய் உங்கள் கருவியை ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

கணக்கு, மென்பொருள், அலைவரிசை எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இந்தக் கதை புரிந்துவிடும். நாம் நிற்கிற இந்த நிலத்தின் மேலோடு ஒரு ஆப்பம் மாதிரி. உள்நாட்டில் தடிப்பு, கடலோரம் போகப் போக மெலிவு. புதுக்கோட்டை மாவட்டத்தில் மேற்கே பொன்னமராவதி, அன்னவாசல் பக்கம் கெட்டிப் பாறை. கிழக்கே வர வர மண்மூட்டம், அப்புறம் சேறு, அப்புறம் கடல். என்றோ ஒரு காலத்தில் இந்தக் கண்டம் இன்னொன்றிலிருந்து பிய்ந்து வந்த ஓரம் அது. பிய்ந்த இடத்தில் பழைய விரிசல்கள் இருக்கும். அவை இன்னும் அசைகின்றனவா என்று பார்ப்பதுதான் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

மூன்று இடத்தில் நில அதிர்வைப் பதியும் கருவி வைத்தோம். ஒன்று பொன்னமராவதிப் பக்கம் ஒரு பாறை மேல். இரண்டாவது கீரமங்கலத்தில் ஒரு தென்னந்தோப்பு வீட்டின் பின்கட்டு அறையில். மூன்றாவது கடற்கரையில். பொன்னமராவதிக் கருவியின் கேபிளை எலி தின்றுவிட்டது. புது கேபிள் கேட்டு எழுதிய கோப்பு, நான் எழுதிய இடத்திலேயே மூன்று மாதம் தூங்கியது. கடற்கரைக் கருவி அலையடிக்கிற இரைச்சலைத் தவிர வேறொன்றையும் கேட்கவில்லை. ஆக, கீரமங்கலம் ஒன்றுதான் எனக்குக் கண், காது, வாய் எல்லாம்.

அந்த வீட்டுக்காரர் செல்லத்துரை. துபாயில் பதினெட்டு வருஷம் டைல்ஸ் மேஸ்திரியாக இருந்துவிட்டு ஊருக்கு வந்து வீடு கட்டியவர். அவர் மனைவி மல்லிகா. இரண்டு பேரும் எங்கள் கருவியைச் சொந்தக்காரப் பிள்ளை மாதிரி கவனித்துக்கொண்டார்கள். முதல் நாள் நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "இது மட்டமா இருக்கணும். ஒரு மயிரிழை சாஞ்சாலும் கெட்டுப்போயிரும்."

"மட்டம் பாக்குறதப் பத்தி எங்கிட்டயா மேடம் சொல்றீங்க? நாப்பது மாடிக் கட்டடத்துல தரை போட்டவன் நான்" என்றார்.

நியாயம்தானே. வட திசையைக் காட்டுவதற்காகக் கருவியின் தலையில் ஒரு சின்ன அம்பு பொறித்திருக்கும். அதைப் பற்றி மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நாங்களே திசைகாட்டி வைத்துப் பார்த்து, அம்பை வடக்கே வைத்துவிட்டுத்தானே வந்தோம்.

வைத்த முதல் இரண்டு மாதம் தினம் மத்தியானம் கருவி குலுங்கியது. மேற்கே, நாற்பது கிலோமீட்டர். அன்னவாசல் தாண்டி இருக்கிற கல் குவாரி வெடி. பார்த்ததும் தெரிந்துவிடும். பட்டியலில் 'குவாரி' என்று எழுதி அடித்துவிடுவேன். ஆவணி மாதம் ஒரு வாரம் பார்க்கிறேன், குவாரி நின்றுவிட்டது. அப்பாடா, தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அதே வாரம் கிழக்கே குலுங்க ஆரம்பித்தது.

கிழக்கே நாற்பது கிலோமீட்டர் என்றால் எங்கே வரும்? வரைபடத்தில் அளவுகோலை வைத்தேன். கரையைத் தாண்டி, நடுக்கடல். இன்னொரு முறை வைத்தேன், அதே இடம். சின்னச் சின்ன அதிர்வுகள்தான், ஆனால் எல்லாம் ஒரே இடத்தில், வரிசையாக. கண்டத்தின் ஓரத்தில், எல்லோரும் செத்துப்போனது என்று நினைத்த ஒரு பழைய விரிசல் உயிரோடு இருக்கிறது! அதை முதலில் பார்த்தவள் நான்! அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரவா கேசரி கிண்டினேன். என் கணவர் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "நாளைக்குப் பேப்பர்ல பாப்பீங்க" என்றேன்.

உங்கள் காலத்தில் இதற்கெல்லாம் உடனே நாலு பேர் சரிபார்ப்பார்கள். அன்றைக்கு என்னைச் சரிபார்த்தது ஒரே ஒருவர்தான், எங்கள் ஜீப் டிரைவர். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் டிரைவர் அண்ணன் என்றே சொல்கிறேன். அன்னவாசல்காரர். எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு கேள்வி இருக்கும், அதுவும் நான் சாப்பிடும் நேரத்தில்தான் கேட்பார்.

ஒரு நாள் கீரமங்கலம் கடைவீதியில் பரோட்டாவுக்குக் காத்திருந்தோம். மேஜை மேல் விரித்து வைத்திருந்த என் பட்டியலை அவர் தலைகீழாகவே படித்தார்.

"மேடம், எல்லாம் ஒரு மணி, ஒண்ணே கால், ஒண்ணரைன்னே இருக்கே. கடலுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் வயித்தக் கலக்குமா?"

"ஓதம்னு ஒண்ணு இருக்குண்ணே. கடல்நீர் ஏறி எறங்குறப்ப அடியில அழுத்தம் மாறும். அதுல தூண்டப்படுது."

"ஓதம் தெனம் ஒரே நேரத்துக்கு வராதுல்ல? எங்க மச்சான் கடல்காரரு, அவரு சொல்லுவாரு, தெனம் தள்ளித் தள்ளி வரும்னு."

"பரோட்டா வந்துருச்சு, சாப்பிடுங்க" என்றேன்.

சால்னா ஊற்றிக்கொண்டே இன்னொன்று கேட்டார். "சரி, ஞாயித்துக்கெழமை ஒண்ணுமே இல்லையே. பூகம்பத்துக்கு வார லீவா?"

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "அண்ணே, நீங்க குவாரி வெடின்னு சொல்ல வாரீங்க. அதுதானே? கொஞ்சம் வரைபடத்தைப் பாருங்க. இந்தா இருக்கு அன்னவாசல், மேற்க. இது கெழக்க, கடல். கடலுக்குள்ள எவன் உக்காந்து கல்லு ஒடைக்கிறான்?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. வாதத்தில் ஜெயித்துவிட்டேனே! பிள்ளைகளே, ஒருவர் பதில் சொல்ல முடியாமல் வாயை மூடுவதும், நாம் சொன்னது சரியாக இருப்பதும் இரண்டு வேறு விஷயம். எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை.

இதற்கு மேல் என் மூளை வேலை செய்த விதத்தை நினைத்தால் இப்போதும் முகத்தைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. மார்கழி கடைசியில் கடல் அமைதியானது. பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல், அதற்கு மேலும் நாலு நாள். ஒரு சத்தமும் இல்லை. ஊரில் எல்லோரும் மஞ்சுவிரட்டு பார்க்கப் போயிருந்தார்கள். நான் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு, "விரிசல் பூட்டிக்கொண்டது. அழுத்தம் உள்ளே ஏறுகிறது. அடுத்து வருவது பெரிதாக இருக்கும்" என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பொங்கல் வாரத்தில் ஒரு பூகம்பம் ஏன் சும்மா இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவள், பொன்னமராவதியில் பொங்கல் வைத்தவள், எனக்கே தோன்றவில்லை.

விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மத்தியானம் ஒன்று பத்துக்கு, அதுவரை பார்க்காத அளவுக்குப் பெரிதாக ஒன்று குலுங்கியது.

நான் சொன்னது அப்படியே நடந்துவிட்டது! நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். நம் ஊகம் பொய்யாகப் போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தப்பான ஊகம் பலித்துவிட்டது என்று வையுங்கள், அப்புறம் அந்த ஆளை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. அன்று சாயங்காலமே எங்கள் இயக்குநருக்கு ஒரு கடிதம், மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம். இன்ன இடத்தில் இன்ன விரிசல் விழித்துக்கொண்டிருக்கிறது, கரையோரக் கட்டுமானங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும், இப்படிக்கு நான்.

'கரையோரக் கட்டுமானம்' என்று எழுதியபோது என் கண் முன்னால் ஒரு கட்டுமானமும் இல்லை. ஏதோ வாய்க்கு வந்த வார்த்தை. ஆனால் அங்கே ஒன்று இருந்தது.

மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். அந்தக் கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மணல் கரை இல்லை, சேறு. படகு கரை வரைக்கும் வராது. தூரத்தில் நிறுத்திவிட்டு, முழங்கால் சேற்றில் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வர வேண்டும். அந்த ஊருக்கு ஒரு இறங்குதளம், அவர்கள் பாஷையில் ஒரு பாலம், பல வருஷம் மனுப் போட்டு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. என் கடிதம் போனதும் அது நின்றது. கூட்டம் போட்டு முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அந்த ஊர் மக்களுக்கு விளக்கிச் சொல்ல என்னை அனுப்பினார்கள். சமுதாயக் கூடத்தில் ஆப்பம், ஓரம், விரிசல் எல்லாம் சொல்லி முடித்தேன். முன் வரிசையில் பாக்கியம் என்ற அம்மா உட்கார்ந்திருந்தார். அந்த ஊர் மீன் விற்கும் பெண்களின் சங்கத் தலைவி, என் வயதுதான் இருக்கும். வலது காலை நீட்டியே வைத்திருந்தார். போன மழைக்காலத்தில் கூடையோடு சேற்றில் விழுந்து கால் முறிந்தது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

"மேடம், ஒங்க ஆப்பமெல்லாம் இருக்கட்டும்" என்றார். "எங்க பிள்ளையளுக்கு உசுருக்கு ஆபத்துன்னா எங்களுக்குப் பாலம் வேணாம். சேத்துலயே நடந்துக்கிறோம். ஆபத்து இல்லைன்னா குறுக்க நிக்காதீங்க. ரெண்டுல ஒண்ண வாயத் தொறந்து சொல்லுங்க."

"ஆபத்து இருக்கும்மா" என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன் தெரியுமா? அவர் காலைத் தூக்கி மெதுவாக மடக்கி எழுந்து போனார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கூட்டம் புதுக்கோட்டையில், காலை பதினொன்றரை மணிக்கு. அதற்கு முன் கீரமங்கலம் போய், திரையில் காட்டுவதற்குக் கருவியை ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று டிரைவர் அண்ணனோடு சீக்கிரமே கிளம்பினேன். வீர தீரக் கருவி இல்லையா? அதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா? ஆவணியிலிருந்து ஒரு முறைகூட அதன் பெட்டியை நான் திறக்கவில்லை. திறக்க அவசியமும் வரவில்லை. மட்டம் சரியாக இருக்கிறது என்று அலுவலகத்திலேயே திரையில் தெரிந்துவிடும். தெரிந்ததும் செல்லத்துரைக்குப் போன் போட்டுப் பாராட்டிவிடுவேன்.

தெர்மோகோல் மூடியைத் தூக்கினேன். கருவியின் தலையில் வட்டமாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சரி, இருக்கட்டும். போனில் படம் எடுக்கக் குனிந்தேன். அம்பு என் காலடியைக் காட்டியது. நான் அறையின் தெற்குப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

போனில் திசைகாட்டியைத் திறந்தேன். தெற்கு. போன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். பையிலிருந்து நிஜத் திசைகாட்டியை எடுத்தேன். அதுவும் தெற்கு. அதுவும் கெட்டுவிட்டதோ? வெளியே ஓடி சூரியனைப் பார்த்தேன். சூரியன் மட்டும் கெட்டுப்போகவில்லை.

"செல்லத்துரை, இதை யாராச்சும் தொட்டாங்களா?"

"தொடுறதா? ஒரு பயல விட்டதில்ல மேடம். நானே ஒரே ஒரு தடவதான் தொட்டேன்."

"எப்ப?"

"ஆவணியில. வாஸ்து பாக்குறவரு வந்தாரு. பொண்ணுக்கு நாலு வருசமா வரன் தட்டித் தட்டிப் போகுது, வீட்டுல என்ன கொறைன்னு பாக்கச் சொன்னோம். சுத்திப் பாத்துட்டு இங்கன வந்து நின்னவரு, 'ஆத்தாடி, இது என்னங்க, எமன் தெசையப் பாத்து ஒரு கண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கு'ன்னாரு."

கருவியின் ஒரு பக்கத்தில் பச்சையாக ஒரு விளக்கு மினுக்கும். அம்பு வடக்கே இருந்தால் விளக்கு தெற்கே, எமன் திசையில் இருக்கும். அதுதான் கண்.

"அதான் அப்படியே திருப்பி, குபேரன் தெசையப் பாக்க வச்சேன்" என்றார் செல்லத்துரை. குரலில் எவ்வளவு பெருமை! "மட்டம் ஒரு நூலு பெசகல. நீங்க சொன்னீங்கள்ல, சாயக்கூடாதுன்னு. ரெண்டு மணி நேரம் உக்காந்து மட்டக் குமிழ நடுவுல நிறுத்துனேன்."

திருப்பி வைத்தார். முழுசாக, முன்னதைப் பின்னதாக. கருவிக்கு அன்றிலிருந்து கிழக்கு மேற்காகவும், மேற்கு கிழக்காகவும் ஆகிவிட்டது. அன்னவாசலில் வெடித்த ஒவ்வொரு கல்லும் என் திரையில் நடுக்கடலில் போய் விழுந்தது. குவாரி ஆவணியில் நிற்கவில்லை. தினமும் ஒரு மணிக்கு வெடித்து, ஞாயிறு ஓய்வெடுத்து, பொங்கலுக்கு ஒரு வாரம் கடையை மூடி, திரும்பி வந்ததும் பெரிய வெடியாக வைத்திருக்கிறது. நான் அதற்குக் கடலில் பெயர் வைத்து, கரையில் பாலத்தை நிறுத்தி, கேசரியும் கிண்டியிருக்கிறேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மேடம், மயக்கமா?" என்று மல்லிகா காபியோடு ஓடி வந்தார். "படம் நல்லா வரலையா? பொட்டக் கலைச்சுரவா?"

"இதைத் திருப்பி வைக்கணும் மல்லிகா."

மல்லிகா காபியைக் கீழே வைத்துவிட்டார். "ஐயையோ, வேணாம் மேடம்! திருப்பி வச்ச பத்தாம் நாளு திருமயத்துலேருந்து மாப்ள வீட்டுக்காரங்க வந்தாங்க. பங்குனியில கல்யாணம். பத்திரிக்கை அடிச்சாச்சு. ஒங்க கால்ல விழுந்து கேக்குறேன், இப்பப் போயி எமன் பக்கம் திருப்பாதீங்க!"

ஒரு பக்கம் நின்றுபோன பாலம். இன்னொரு பக்கம் கல்யாணப் பத்திரிகை. மணி ஒன்பதே முக்கால்.

நான் யோசித்தேன். கருவி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு இருக்கட்டுமே. அது எங்கே பார்க்கிறது என்று நமக்குத் தெரிந்தால் போதாதா? கணக்கில் நூற்று எண்பது டிகிரி கூட்டிக்கொண்டால் முடிந்தது. பதிவேட்டை எடுத்து, அம்பு தெற்கே இருக்கிறது, ஆவணியிலிருந்து இப்படி, கணக்கில் நூற்று எண்பது கூட்டவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே வரியை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டி மேலும் ஒட்டினேன். மல்லிகா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். எனக்கும் அழுகைதான் வந்தது, வேறு காரணத்துக்காக.

ஜீப்பில் ஏறியதும் டிரைவர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஆலங்குடி தாண்டியதும் நானே ஆரம்பித்தேன். "மேல் ஆராய்ச்சி தேவைப்படுதுன்னு சொல்லிட்டா போதும்ணே. அது பொய்யும் இல்ல. பொன்னமராவதிக் கருவிக்குக் கேபிள் வரட்டும், ஒரு வருஷம் பாத்துட்டு மெதுவா ஒரு அறிக்கை குடுத்து விலகிக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கவனியுங்கள் பிள்ளைகளே, நம் தொழிலில் இதைவிட மரியாதையான வாக்கியம் கிடையாது. சொல்பவரும் தலைகுனிய வேண்டாம், கேட்பவரும் குறை சொல்ல முடியாது. எந்த அதிகாரியும் தலையை ஆட்டுவார். கோப்பு உள்ளே போய்விடும், அப்புறம் எப்போது வெளியே வரும் என்று அந்தக் கடவுளுக்கும் தெரியாது.

டிரைவர் அண்ணன் கியரை மாற்றினார். "தாராளமாச் சொல்லுங்க. ஆனா அந்தம்மா ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லிச்சே. இது மூணாவதால்ல இருக்கு?"

புதுக்கோட்டை வரும் வரை எனக்குப் பயம். வேலை போகுமா என்ற பயம் இல்லை. ஓய்வுக்குப் பக்கத்தில் வந்துவிட்டவளை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? அசிங்கப்படுவோமே என்ற பயம். இருபது பேர் முன்னால் கிழக்குக்கும் மேற்குக்கும் வித்தியாசம் தெரியாதவளாக நிற்க வேண்டுமே என்ற பயம். உள்ளதைச் சொல்கிறேன், கடைசிப் படியில் ஏறும்போதுகூட எனக்குக் காய்ச்சல் வந்துவிடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

கூட்ட அறையில் மாவட்ட அதிகாரி, பொறியாளர்கள், கனிமத் துறைக்காரர், எங்கள் இயக்குநர் எல்லாரும் இருந்தார்கள். பின்வரிசையில் பாக்கியமும் இரண்டு பெண்களும். பாக்கியத்தின் கால் நீட்டியே இருந்தது. இயக்குநர் என்னைப் பெரிய கண்டுபிடிப்பாளர் என்று அறிமுகம் செய்துவிட்டு உட்கார்ந்தார். அவர் பாவம்.

எழுந்து நின்றேன். 'மேல் ஆராய்ச்சி' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. பாக்கியத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

"கடலில் நிலநடுக்கம் எதுவும் நடக்கவில்லை. என் கருவி முன்பக்கம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆவணியிலிருந்து நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. கருவி பதிவு செய்ததெல்லாம் அன்னவாசல் பக்கத்துக் குவாரி வெடி. தப்பு என்னுடையது. பாலத்தை நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போது கனிமத் துறைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"பொங்கல் கழிச்சு பெருசா ஒண்ணுன்னு லெட்டர்ல எழுதியிருந்தீங்களே மேடம், ஒண்ணு பத்துக்கு. அது நம்மகிட்ட முறையா அனுமதி வாங்குன வெடிதான். ஃபைல் இருக்கு. வேணும்னா காப்பி தாரேன்."

அவ்வளவுதான். முதலில் ஒரு பொறியாளர் சிரித்தார். அப்புறம் அறையே சிரித்தது. மாவட்ட அதிகாரி முகத்தைக் கோப்பால் மறைத்துக்கொண்டார். "கருவி திரும்புனது எப்படிங்க?" என்று ஒருவர் கேட்க, நான் வாஸ்து, எமன், குபேரன் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "கல்யாணம் நிச்சயமாயிருச்சா?" என்று இன்னொருவர் கேட்டார். பங்குனியில் என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, காலை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"அப்ப கடலு?"

"இனி எப்பவுமே வராதுன்னு சொல்ல மாட்டேன்மா. அது யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நான் சொன்னதுல ஒண்ணுகூட அங்க நடக்கல. உங்களைப் பயமுறுத்திட்டேன். மன்னிச்சிருங்க."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவர் என் தோளை இரண்டு கையாலும் பிடித்து, சின்னப் பிள்ளையைத் திருப்புவது மாதிரி கிழக்கு ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"மேடம், நல்லாப் பாத்துக்கங்க. இங்கிட்டு கடலு. அங்கிட்டு கரை. மறந்துறாதீங்க."

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் டிரைவர் அண்ணன் ஜீப்பைத் தயாராக வைத்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "சாப்பிடலாமா மேடம்?" என்றார். மணி ஒன்று. அன்னவாசலில் வெடித்துக்கொண்டிருக்கும்.

செல்லத்துரை மகளின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னை, "நம்ம கருவி மேடம்" என்று அறிமுகம் செய்தார்கள். கல்யாணம் முடிந்ததும் திருப்பிக்கொள்ளலாம் என்று மல்லிகா சொல்லியிருந்தார். அப்புறம் வளைகாப்பு வந்தது. அப்புறம் பேரன். அந்தக் கருவி இன்றைக்கும் குபேரனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெட்டி மேல் என் கையெழுத்தில் அந்த அட்டை இருக்கும். சுறுசுறுப்பாக யாராவது போய் அம்பை வடக்கே திருப்பிவிட்டு வராதீர்கள். அப்படித் திருப்பினால், அட்டையைக் கிழித்துவிட்டு, பதிவேட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு வாருங்கள். எதைச் செய்தாலும் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்.

பாலம் கட்டி முடிந்ததும் எனக்கு அழைப்பு வந்தது. போகவே கூச்சமாக இருந்தது. டிரைவர் அண்ணன்தான் விடவில்லை. "மீன் கொழம்பு இருக்கும் மேடம்" என்றார்.

பெண்கள் சேறு படாத காலோடு கூடையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் வந்துகொண்டிருந்தார்கள். பாக்கியமும் வந்தார், ஊன்றுகோலோடு, ஆனால் வேகமாக. என்னைக் கையைப் பிடித்து பாலத்தின் நுனி வரை கூட்டிப்போனார். அங்கே தரையில் சிவப்புப் பெயின்ட்டில் ஆள் நீளத்துக்கு ஒரு அம்பு. கடலைப் பார்த்து. பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'கிழக்கு'.

"ஒங்களுக்காகத்தான் எழுதச் சொன்னேன்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன்.

கை தன்னால் பைக்குள் போய்த் திசைகாட்டியை எடுத்தது. அந்த நாளுக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம், என்ன செய்ய? குனிந்து அம்பின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு முறை பார்த்தேன், இன்னொரு முறை பார்த்தேன்.

"சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டார் பாக்கியம்.

அவ்வளவு ஆசையாக வரைந்திருக்கிறார்கள். ஊரே சுற்றி நிற்கிறது. குழம்பு வேறு மணக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"பன்னெண்டு டிகிரி தெக்க தள்ளியிருக்கும்மா" என்றேன்.

பாக்கியம் கரைப் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"யாருப்பா அங்கிட்டு? அந்தப் பெயின்ட்டு டப்பாவ எடுத்துட்டு வாங்க! மேடத்துக்குக் கெழக்கு தெரிஞ்சுருச்சு!"